ஓரத்தில் தைத்த பெயர்

யாராவது அக்காவின் பெயரைச் சொல்லத் தொடங்கினால் அவள் அவர்களுடைய முகத்தைப் பார்க்க மாட்டாள். தலையைக் கொஞ்சம் தாழ்த்தி அவர்களுடைய கைகளைப் பார்ப்பாள். அவர்கள் பாதி வழியில் தடுக்கி விழுந்தாலும், திரும்பிப் போய் முதலிலிருந்து தொடங்கினாலும் எடுத்துக் கொடுக்க மாட்டாள். எங்கேயோ ஒரு கரையில் போய்ச் சேரும்வரை காத்திருந்து, பிறகுதான் நிமிர்ந்து "சொல்லுங்க" என்பாள். அவர்கள் சேர்ந்த கரை சரியான கரையாக இருந்ததில்லை.

பல வருடங்களாக இதைப் பார்த்திருக்கிறேன். சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கும் இடத்தில் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க வேண்டும். கைகள் தொடும்போது என் முனைகளை அவள் வாங்கிக்கொள்வாள். நான் குனிந்து, தொங்கும் மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போவேன். மறுபடி நெருங்குவோம். நாள் முழுக்க இதுதான். நீராவி கூரைவரை எழும்பி அங்கேயே தங்கிவிடும். விரிப்பைத் தேய்த்துத் தள்ளும் உருளை இயந்திரம் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும். சில நேரம் அவள் இருப்பதே தெரியாது. வெள்ளை விரிப்பு மட்டும் தானாக என்னை நோக்கி நடந்து வரும். அதன் பின்னாலிருந்து அவளுடைய விரல்கள் முதலில் தெரியும், பிறகுதான் முகம்.

அவளுடைய பெயர் நீளமானது. நாக்கை மடித்துச் சொல்ல வேண்டிய எழுத்துகள் அதில் அடுத்தடுத்து வரும். வண்டி ஓட்டுநர் வாலை விழுங்கிவிடுவார். உருளைப் பக்கம் நிற்கும் நெட்டையன் தலையைக் கடித்துவிட்டு வாலை மட்டும் துப்புவான். மருந்துச் சீட்டில் ஒரு மாதிரி, மின்கட்டண ரசீதில் வேறு மாதிரி இருக்கும். "எல்லாத்தையும் சேத்துப் பாத்தா எங்க வீட்ல ஏழெட்டுப் பொம்பளைங்க குடியிருக்கோம். வேலை செய்யறது மட்டும் நான் ஒருத்தி" என்பாள். அவள் வீட்டுக்காரர் அந்த வம்புக்கே போனதில்லை. கல்யாணமான நாளிலிருந்து "இங்க பாரு" என்றுதான் கூப்பிடுகிறார். "நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். இதுவரைக்கும் ஒண்ணையும் காணோம்" என்பாள். நான் 'அக்கா' என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவள்.

எங்கள் மேசைக்குப் பக்கத்தில் ஊசியம்மா உட்கார்ந்திருப்பாள். விடுதிகளின் விரிப்பும் மருத்துவமனைகளின் விரிப்பும் கலந்துவிடாமல் இருக்க, ஒவ்வொன்றின் கீழ்மூலையிலும் சிவப்பு நூலில் இன்னாருடையது என்று தைப்பது அவளுடைய வேலை. அவளுக்கு அந்தப் பெயர் வந்தது கையை வைத்தா வாயை வைத்தா என்று கேட்டால் எங்களால் சொல்ல முடியாது.

"எவனெவனோ கண்டபடி கூப்பிடுறான், நீயும் மரம் மாதிரி நின்னு கேட்டுக்கிட்டிருக்கே" என்று திட்டுவாள். "ஒரு தடவை திருத்தினா வாய் தேஞ்சா போயிடும்?"

"விடு. வந்துக்கிட்டு இருக்காங்க."

"யாருடி?"

"அவங்கதான். என் பேருக்கு."

எனக்கு அது புரிந்தது ஒரு மத்தியானத்தில். அக்கா சாப்பாட்டு டப்பாவை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். அவளுடைய அப்பா அதை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்று கூப்பிட்டார். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டார். அவருக்குத் திக்குவாய். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அக்கா தன் முனைகளைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். எங்கள் இருவருக்கும் நடுவில் விரிப்பு மெல்லத் தொய்ந்து தரையைத் தொட்டது. அவர் டப்பா மூடியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். ஓர் எழுத்து வெளியே வந்ததும் விரல் நிற்கும். அடுத்த எழுத்துக்குத் தவிக்கும்போது மறுபடி தடவும். அக்கா அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நீராவிக்குள் அந்தப் பெயர் ஒவ்வொரு எழுத்தாக நடந்து வந்தது. கடைசி எழுத்தும் வந்து சேர்ந்ததும், "என்னப்பா" என்றாள். முழுப் பெயரையும் நான் கேட்டது அப்போதுதான்.

அவர் போன பிறகு, விரிப்பை மறுபடி உதறிக்கொண்டே சொன்னாள்: "நான் பொறந்தப்போ எல்லாரும் அப்பாகிட்ட சொன்னாங்களாம், உன் நாக்குக்குத் தோதா சின்னதா ஒரு பேரு வையின்னு. எனக்கு வரலைங்கறதுக்காகப் புள்ளைக்கு ஏன் குறைக்கணும்னு கேட்டாராம். அதைக் கேட்டு முடிக்கறதுக்குள்ளயே நான் தவழ ஆரம்பிச்சிருப்பேன்."

சிரித்தாள். நெருங்கி வந்து என் முனைகளை வாங்கிக்கொண்டாள்.

"அவர் கூப்பிட்டா, என் பேரு எங்க வீட்டு வாசல்ல கிளம்பி, தெருவெல்லாம் சுத்திட்டு, மெதுவா எங்கிட்ட வந்து சேரும். நான் முகத்தைப் பாத்தா அவருக்கு இன்னும் திக்கும். அதான் கையையே பாத்துப் பழகிட்டேன்."

அடுத்த சில வருடங்களில் அவர் இறந்துபோனார். அக்காவின் கால் நரம்புகள் புடைத்துச் சுருண்டன. சாயங்காலமானால் கணுக்கால் வீங்கிச் செருப்பின் வார் உள்ளே போய்ப் பதிந்துவிடும். நின்று செய்கிற வேலையை விட்டால்தான் கால் மிஞ்சும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயம் பார்த்து முன்கவுண்டரில் ஓர் இடம் காலியானது. வீட்டுத் துணிகளை வாங்கி வைத்து, சலவையானதும் திருப்பிக் கொடுக்கும் வேலை. அங்கே ஒரு நாற்காலி உண்டு. சலவைக்கூடம் முழுவதிலும் இருந்த ஒரே நல்ல நாற்காலி அதுதான்.

மேனேஜர் நல்ல மனிதர். அவளைத்தான் கூப்பிட்டார். சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன பெயர் அட்டை ஒன்றைக் கொடுத்தார்.

"உங்க பேரு இதுல அடங்கலைம்மா. முதல் ரெண்டு எழுத்தை மட்டும் போடச் சொல்லிட்டேன். வர்றவங்களுக்கும் சுலபம். நச்சுன்னு இருக்கில்ல?"

அக்கா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தாள். மடித்த விரிப்புகளின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். "காலைப் பாருடி, பேரை அப்புறம் பாக்கலாம்" என்றாள் ஊசியம்மா.

திங்கட்கிழமை அட்டையைக் குத்திக்கொண்டு போனாள். எங்கள் இடத்திலிருந்து பார்த்தால் கதவு இடுக்கு வழியாகக் கவுண்டர் தெரியும். அவள் அலமாரியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது ஓர் ஆள் வந்து, கொஞ்சமும் தடுக்காமல், அட்டையில் இருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார் போலிருக்கிறது. அவள் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். அவள் ஒரு சட்டையின் கையை நீவி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் கவுண்டரைத் தட்டியபோதுதான் திரும்பினாள். அன்று முழுக்க அப்படித்தான் நடந்தது. கண்டபடி கூப்பிட்டபோதெல்லாம் காத்து நின்றவள், பிழையில்லாமல் கூப்பிட்டபோது கேட்காதவள்போல் இருந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் ஊசியம்மா பிடித்துக்கொண்டாள். "காது அடைச்சுக்கிச்சா?"

"கேட்டுச்சு. வேற யாரையோன்னு நினைச்சேன்." டப்பா மூடியைக் கட்டைவிரலால் தடவினாள். "தப்பாக் கூப்பிட்டவங்க எல்லாம் என் பேரைத் தேடிக்கிட்டு வந்தவங்க. இந்த அட்டை, தேடவே வேணாம்னு சொல்லுது."

எழுந்து நேராக மேனேஜரிடம் போனாள். சம்பளம் கூட்டிக் கேட்கக்கூட அந்த அறைக்குள் போகாதவள். துணைக்கு வா என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"அட்டை வேணாம் சார். அதுதான் வேணும்னா நான் பழைய இடத்துக்கே போயிடுறேன்."

"இந்தக் காலை வச்சுக்கிட்டா?" அவருக்கு நிஜமாகவே வருத்தம். "முன்னாடி உட்கார்றவங்க உடுப்புல பேரு இருக்கணும்மா, அது இங்க சட்டம். உங்க முழுப் பேரை எங்க போடுறது? ஆரம்பிச்சா முதுகு வரைக்கும் போகுமே."

"அட்டைதான் பத்தலை. துணி பத்தும்."

அவர் பேனாவை மூடித் திறந்து மூடினார். "சரி, நாளைக்குள்ள தைச்சுக்கிட்டு வாங்க. இல்லேன்னா வேற ஆளை உட்கார வைக்கறதைத் தவிர எனக்கு வழியில்லை."

வேலைக்குப் போட்டுக்கொள்ளும், முழங்கால்வரை வரும் அக்காவின் மேலங்கியை ஊசியம்மா பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டாள். ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுக் கேட்டுத் துண்டுத் துணியில் எழுதிக்கொண்டாள். "இன்னும் இருக்கா?" "இருக்கு." "இப்பவாவது முடிஞ்சுதா?" "ரெண்டு இருக்கு." "உங்கப்பாவுக்குப் பொழுது போகலையாடி!" திட்டிக்கொண்டே வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

மறுநாள் காலையில் தேய்த்து மடித்த மேலங்கியைக் கொடுத்தாள். அக்கா போட்டுக்கொண்டாள். மார்புப் பக்கம் வெறுமையாக இருந்தது. பையைத் தூக்கிப் பார்த்தோம், காலரைத் திருப்பிப் பார்த்தோம். எங்கேயும் இல்லை. எனக்குத்தான் முதலில் கண்ணில் பட்டது. இடது முழங்காலுக்குப் பக்கத்தில், மேலங்கியின் கீழ்மூலையில், ஓர் எழுத்தும் விடாமல் சிவப்பு நூலில் ஓடிக்கொண்டிருந்தது. விரிப்புகளுக்குத் தைப்பதுபோலவே, அதே இடத்தில்.

நெட்டையன் குனிந்து பார்த்தான். "இது எந்த ஆஸ்பத்திரிக்குப் போகுற விரிப்பு?"

ஊசியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பாழாப்போன கை! பழக்கதோஷத்துல அதுபாட்டுக்கு மூலைக்குப் போயிடுச்சே. கழட்டுடி, பிரிச்சுத் தைக்கிறேன்."

அக்கா ஓரத்தைத் தூக்கி, விரலை எழுத்துகளின் மேல் ஒவ்வொன்றாக ஓட்டினாள். அவளுடைய உதடுகள் அசைந்தன.

"பிரிக்காத" என்றாள்.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். "பேரு எங்கம்மா?"

அக்கா மூலையைத் தூக்கிக் காட்டினாள். அவர் கையில் சாவிக்கொத்தோடு குனிந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். நடுவில் சிக்கிக்கொண்டார். சாவிகள் குலுங்குவது நின்றது. அக்கா அவருடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீராவி எங்களுக்கு மேலே அசையாமல் இருந்தது. அவர் திரும்பிப் போய் முதலிலிருந்து தொடங்கினார். ஒருவழியாக எங்கேயோ போய்ச் சேர்ந்தார். அது சரியான இடம் இல்லை.

அக்கா நிமிர்ந்தாள். "சொல்லுங்க சார்."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "உடுப்புல பேரு இருக்கு. அவ்வளவுதான் சட்டம். போய் உட்காருங்க."

கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தால் மேலங்கியின் கீழ்மூலை யாருக்கும் தெரியாது. அதனால் வருகிறவர்கள் அவளைக் கூப்பிட வேண்டுமென்றால், பெயர் என்ன என்று கேட்டாக வேண்டும். அவள் சொல்லுவாள். அவர்கள் சொல்லிப் பார்ப்பார்கள்.

அக்கா இப்போதும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். கால் வீக்கம் வடிந்திருக்கிறது. நரம்புகள் அப்படியேதான் இருக்கின்றன. மேலங்கி நைந்து புதிது வரும்போதெல்லாம் ஊசியம்மா கீழ்மூலையிலேயே தைத்துக் கொடுக்கிறாள். விரிப்பின் மறுமுனையை நெட்டையன் பிடிக்கிறான். கோணலாகத்தான் மடிகிறது. பெயரை அவளுடைய அப்பாவுக்குப் பிறகு இன்னும் யாரும் முழுதாகச் சொல்லவில்லை.