தாய்ப்பலகைக்கு வைத்த பொட்டு

செருப்பைக் கழற்றிவிட்டுப் போகவேண்டிய அறைகள் எங்கள் வீட்டில் இரண்டு இருந்தன. ஒன்று சாமியறை, மற்றது சித்தப்பாவின் கம்பியூட்டர் அறை. சாமியறைக்குள் கால் கழுவாமல் ஓடினால் அம்மா ஒரு முறை முறைத்துவிட்டு விட்டுவிடுவார். கம்பியூட்டர் அறைக்குள் அந்தச் சலுகை கிடையாது. தூசி போனால் அது மூச்சுமுட்டிச் செத்துப்போகும் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். நாங்களும் அதை அப்படியே நம்பியிருந்தோம்.

சண்டை நின்று, மூடிக்கிடந்த பாதை திறந்த மறுவருசம் அது. முரசுமோட்டையில் எங்கள் வீட்டுக்கு முன்னாலும் வயல், பின்னாலும் வயல், கரன்ட் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு ஜெனறேற்றரை மாட்டுக்கொட்டில் பக்கமாய் வைத்து, அதிலிருந்து வயர் இழுத்து, அப்பாவின் தம்பியான சித்தப்பா கம்பியூட்டர் ஓட்டினார். கலியாணவீடு, சாமத்தியவீடு என்று படம் பிடிப்பது அவருடைய தொழில். அந்தக் கம்பியூட்டரை அவர் முழுதாய் வாங்கவில்லை. பெட்டியைக் கிளிநொச்சியில் எடுத்து, உள்ளே போகும் சாமான்களை வவுனியாவிலிருந்து ஒவ்வொன்றாய்க் கொண்டுவந்து, தானே இருந்து பொருத்திப் பூட்டினார். ஓமந்தை ஆமிச் சோதனையில் அதன் பச்சைப் பலகையை ஒருவர் தலைகீழாய்ப் பிடித்து உலுக்கிப் பார்த்த கதையை அவர் சொல்லும்போதெல்லாம் எங்களுக்கு நெஞ்சு பதறும்.

அந்தப் பச்சைப் பலகையின் பெயர் தாய்ப்பலகை. அவர் படிக்கப்போன கம்பியூட்டர் வகுப்பில் எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தார்களாம். "எல்லாம் இதிலைதான் தங்கியிருக்கு. இது இல்லாட்டி மற்றச் சாமான் எல்லாம் தாயில்லாப் பிள்ளையள்" என்று அவர் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அம்மாடி! இரணமடுத் தண்ணீர் பெரிய வாய்க்காலில் வந்து, சின்ன வாய்க்கால்களாய்ப் பிரிந்து, வயல் வயலாய்ப் போகிறதல்லவா, அதே மாதிரிக் கோடுகள் அந்தப் பலகை முழுக்க ஓடின. இவ்வளவையும் யார் கீறியிருப்பார்கள், கை நடுங்கியிருக்காதா என்று நான் அன்றைக்குச் சோறு தின்னும்போதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருசம் தையில் மாமிக்குக் கலியாணம் நடந்தது. மாமி அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கை, எனக்கு உற்ற சிநேகிதி. மாப்பிள்ளை கனடாவிலிருந்து வந்து, தாலியைக் கட்டி, லீவு முடிய அழுதபடி திரும்பிப் போனார். மாமியைக் கூப்பிட அவர் எழுதிப்போட்டு, கொழும்பில் எம்பசி இன்ரவியூவுக்கு நாளும் வந்துவிட்டது. கலியாணம் உண்மையாய் நடந்ததுதானா என்று அங்கே துருவித் துருவிக் கேட்பார்களாம். படம் காட்டவேண்டும், அதுவும் கை நிறையப் படம். பக்கத்து ஊரில் ஒரு பெண்பிள்ளை ஸ்ரூடியோவில் பிடித்த ஒன்றிரண்டு படங்களோடு போய், "இது கடுதாசிக் கலியாணம்" என்று திருப்பி அனுப்பப்பட்டு, இன்னும் தாய்வீட்டில்தான் இருந்தாள். மாமியின் படங்கள் முழுவதும் அந்தக் கம்பியூட்டருக்குள் இருந்தன. கமராவுக்குள் இருந்தவற்றைச் சித்தப்பா அடுத்த கலியாணவீட்டுக்காக அழித்துவிட்டார். சீடியில் அடிப்பம், அடிப்பம் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

சரஸ்வதி பூசை வந்தது. வழக்கம்போல எங்கள் புத்தகங்கள், அம்மாவின் தையல் மெசின், அப்பாவின் மண்வெட்டி, உழவு மெசின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். சித்தப்பா பள்ளிக்கூடத்து வாணி விழாவுக்குப் படம் பிடிக்கப் போயிருந்தார். கம்பியூட்டர் திரைக்குச் சின்னதாய் ஒரு குங்குமப் பொட்டு மட்டும் வைக்கலாம் என்று உத்தரவு தந்துவிட்டுத்தான் போனார்.

மறுநாட் காலை ஜெனறேற்றரை இழுத்து ஸ்ராட் பண்ணி, கம்பியூட்டர் சுவிச்சை அமத்தினார். உள்ளே விசிறி சுழன்றது. திரை கறுப்பாய்க் கிடந்தது. திரும்ப அமத்தினார். திரும்பவும் கறுப்பு. சித்தப்பாவின் முகத்தில் அப்படியொரு வெறுமையை நான் அதற்குமுன் கண்டதில்லை.

செய்தி பரவ எவ்வளவு நேரம் வேண்டும்! அப்பா சேற்றுக் காலோடு ஓடிவந்து வாசலில் நின்றார். எங்கள் வீட்டு ரேடியோவுக்கு அவர் செய்யும் வைத்தியம் ஒன்றுதான். "ஒரு தட்டுத் தட்டிப் பாரன்" என்றார். அம்மா செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துவந்து, "ஊரெல்லாம் வந்து வாய் பாத்துக்கொண்டு நிண்டது. நாவூறுதான்" என்று பெட்டியைச் சுற்றிவிட்டு அடுப்பில் போட்டார். நாங்கள் எல்லாரும் தும்மினோம். கம்பியூட்டர் தும்மவில்லை.

மாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சின்னண்ணை, படமெல்லாம் போச்சோ?" என்று கேட்டார்.

"படம் வேறை பெட்டிக்குள்ளை இருக்கு, போகேல்லை. ஆனால் இதை எழுப்பாமல் பாக்கேலாது."

"அந்தப் பெட்டியை மட்டும் கழட்டி ரவுணுக்குக் கொண்டுபோகேலாதோ?"

"இந்தக் குண்டும் கிடங்குமான றோட்டாலை மோட்டச்சைக்கிளிலையோ? போய்ச் சேரேக்கை படத்திலை உன்ரை மாப்பிள்ளைக்குத் தலை இராது. பொறு, பாப்பம்."

பிறகு அவர் செய்ததைத்தான் நான் இன்றைக்கும் வாயைப் பிளந்துகொண்டு நினைக்கிறேன். முதலில் திரையின் வயரைக் கழற்றித் திரும்பப் பூட்டினார். பிழை அதில் இல்லை. அடுத்தது, கரன்ட் கொடுக்கும் பெட்டி. அதைத் தனியாய்க் கழற்றி, மாமியின் கொண்டை ஊசியை வாங்கி வளைத்து, பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் தொடுத்தார். தாயுமில்லை, பலகையுமில்லை, ஒரு ஊசியின் பலத்தில் அதன் விசிறி சுற்றத் தொடங்கியது! நான் கைதட்டிவிட்டேன். அம்மா என் தலையில் குட்டினார்.

"அப்ப கரன்டிலையும் பிழையில்லை" என்றார் சித்தப்பா. அவர் முகம் இன்னும் இருண்டது. மிச்சம் தாய்ப்பலகைதான். அது செத்திருந்தால் வவுனியாவில் தேடவேண்டும், அங்கே இல்லாவிட்டால் கொழும்பில். அதற்குள் இன்ரவியூ நாள் போய்விடும். அதை அவர் சொல்லவில்லை, அப்பா சொன்னார். மாமி வற்றாப்பளை அம்மனுக்கு அந்த இடத்திலேயே ஒரு பொங்கல் நேர்ந்தார்.

சித்தப்பா ஒவ்வொன்றாய்க் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு வந்தார். ஒன்றைக் கழற்றுவார், சுவிச்சை அமத்துவார், காதைக் கொடுத்துக் கேட்பார். "என்ன கேக்கிறியள்?" என்றேன். "இதுக்குள்ளை ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கு. ஏதும் குறையெண்டால் கத்தவேணும். கத்தாமல் இருக்கிறதுதான் பயம்" என்றார். பிள்ளை பெற்ற அம்மாவுக்கு அது உடனே விளங்கிவிட்டது. நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பலகை ஒருமுறை அழவேண்டுமென்று காத்திருந்தோம். கடைசியாய் றாம் என்ற நீட்டுத் தகட்டைப் பிடுங்கிவிட்டு அமத்தினார்.

பீ...ப். பீ...ப். பீ...ப்.

சிவனே! அந்தச் சத்தம் கேட்டபோது எனக்கு உடம்பு முழுக்கப் புல்லரித்தது. சித்தப்பா கதிரையிலிருந்து துள்ளி எழும்பினார். "உயிர் இருக்கு! தாய் சாகேல்லை!" என்று கத்தினார். அப்பா தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார், வியர்வை என்றுதான் சொன்னார்.

றாமைப் பூட்டினால் ஊமை, கழற்றினால் அழுகை. ஆகவே நோய் அந்த இடத்தில்தான். சித்தப்பா தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன் பொன்நிறப் பற்களில் மஞ்சளாய் என்னவோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார். மூக்கில் வைத்தார். பிறகு மெல்லத் திரும்பி எங்கள் எல்லாரையும் பார்த்தார்.

"ஆர் இதுக்குச் சந்தனம் பூசினது?"

வெக்கைக்காகப் பெட்டியின் ஒரு பக்கத்து மூடியை அவர் எப்போதும் கழற்றியே வைத்திருப்பார். யாருடைய கையும் போகும்.

"நான்தான்" என்றார் மாமி. கண்ணீர் பொலபொலவென்று விழுந்தது. "தாய் எண்டும் சொன்னனீங்கள், றாம் எண்டு சாமி பேரும் சொன்னனீங்கள். ரண்டு பேரும் பக்கத்திலை பக்கத்திலை இருக்கினம். வெளியிலை திரைக்கு மட்டும் பொட்டை வைச்சிட்டு உள்ளுக்கை தாயைச் சும்மா விடலாமோ? என்ரை அலுவல் எல்லாம் அவாவின்ரை கையிலைதானே இருக்கு எண்டுதான்... கொஞ்சம் தண்ணியாய்க் குழைச்சுப்போட்டன்."

சித்தப்பா ஏச வாயைத் திறந்தார். ஏச்சு வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடி விசரி, கும்பிட்டுக் கும்பிட்டே கொல்லப் பாத்தியே!" என்றார்.

என் அழிறப்பரை வாங்கி றாமின் பற்களைத் துடைத்தார். பொன் திரும்பவும் மினுங்கியது. அதைப் பூட்டும் பள்ளத்தைப் புதுப் பல்துலக்கும் பிரஷ்ஷால், ஆசுபத்திரி ஸ்பிரிட் தொட்டுத் தொட்டுக் கழுவினார். பிறகு தாய்ப்பலகையைச் சுளகில் வைத்து, வெள்ளைத் துணி போட்டு, முற்றத்து வெயிலில் காயவிட்டார். பக்கத்துச் சுளகில் அம்மாவின் மிளகாய் காய்ந்தது. மாமி தடியோடு காவலிருந்து இரண்டுக்கும் காகம் கலைத்தார். புரட்டாசிக் கருமுகில் ஒன்று தலைகாட்டியதும், மிளகாயை அம்போவென்று விட்டுவிட்டு வீடே தாய்ப்பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடியது.

பின்னேரம் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார். சுவிச்சை அமத்தினார். ஒரேயொரு குட்டிப் 'பிக்'. திரையில் வெள்ளை எழுத்துக்கள் ஓடின. அதுவரை நான் கண்ட அற்புதங்கள் எல்லாம் கோயிலில் ஐயர் சொன்னவை. இதை என் கண்ணால் கண்டேன். பலகையைப் பிரித்து, கழுவி, வெயிலில் போட்டு எடுத்து, திரும்ப உயிர்கொடுத்த மனிதர் என் பக்கத்தில் சாரத்தோடு நின்றார்.

படங்கள் ஒவ்வொன்றாய் வந்தன. அம்மா தான் கண்மூடி நிற்பதாய்க் குறைப்பட்டார். அப்பா கோட்டுக்குள் விறைத்துப்போய் நின்றார். நான் எல்லாவற்றிலும் பல்லைக் காட்டினேன். கொக்கிளாய்ப் பக்கத்துச் சொந்தங்கள், பந்தல், மாட்டுக்கொட்டில்கூட ஒன்றில் வந்திருந்தது.

"சின்னண்ணை, உங்களை ஒண்டிலையும் காணேல்லையே?" என்றார் மாமி.

"நான் நிண்டால் ஆரடி படம் பிடிக்கிறது?" என்றார் சித்தப்பா. எல்லாரும் சிரித்தோம்.

அவர் சீடியில் அடித்துக் கொடுத்தார். மாமி தடித்த அல்பத்தோடு கொழும்புக்குப் போனார். எம்பசிக்காரர் சிலவற்றைப் புரட்டிவிட்டுப் போதும் என்றாராம். மாமி கனடா போய்ச் சேர்ந்தார். பிறகு சண்டை திரும்ப வந்தது. வீடு போயிற்று, கம்பியூட்டர் போயிற்று, கடைசியில் மாத்தளன் பக்கம் சனத்தோடு சனமாய் நகர்ந்தபோது சித்தப்பா எங்கள் கையை விட்டுப் போய்விட்டார்.

காணாமற்போனவர்களைப் பதியும் இடத்தில் ஆளின் படம் ஒன்று கேட்டார்கள். எங்களிடம் உடுத்திருந்த உடுப்பைத் தவிர ஒன்றுமில்லை. அப்பா மாமிக்குப் போன் எடுத்தார். மாமி அல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை, பிறகு கடைசியிலிருந்து முதல்வரை பார்த்தார். "பெரியண்ணை, எல்லாரும் இருக்கிறியள். சின்னண்ணையை மட்டும் காணேல்லை" என்று போனில் குழறி அழுதார். ஒரு கலியாணம் நடந்ததென்று காட்ட அவ்வளவு படம் இருந்தது. சித்தப்பா என்று ஒருவர் இருந்தாரென்று காட்ட ஒன்றுகூட இல்லை.

படம் பார்த்து முடிந்த அந்தப் பின்னேரம் கமரா மேசையில்தான் கிடந்தது. சித்தப்பா ஸ்பிரிட் மணக்கிற கையைச் சாரத்தில் துடைத்தபடி, சிரித்த முகமாய் அதற்கு நேரே நின்றார். ஒருவர் அதை எடுத்து அவரை நோக்கி ஒருதரம் அமத்தியிருக்கலாம். அங்கே நின்ற எவருக்கும் அது தோன்றவில்லை. செத்ததை எழுப்பத் தெரிந்த ஒருவர் எப்போதும் எங்களோடு இருப்பார் என்பதுதான் அன்றைக்கு என் எண்ணம்.