கையால் சுற்றிய றாப்

கோப்பாயில் சைக்கிள் திருத்துபவர் அவர். ஊரில் மின்சாரமே இல்லாத காலம். நாம் திருத்தக் கொண்டுபோன சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவில் பாட்டுக் கேட்கும் கசற் பெட்டியைப் பூட்டுவார். பெடலைக் கையால் சுற்றுவது நாம். கண்ணை மூடித் தலையாட்டுவது அவர்.

கனடாவிலிருந்து வந்த ஒரே றாப் பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போடுவார்.

“அண்ணை, உதிலை அப்பிடி என்ன இருக்கு?” என்றேன், கை உளைய.

“மற்றப் பாட்டெண்டால் நீர் களைச்சவுடனை சுதி செத்துப்போடும். உவங்கள் பாடேல்லை, கதைக்கிறாங்கள். மெல்லமாச் சுத்தினால் வெருட்டுற மாதிரி, கெதியாச் சுத்தினால் என்ரை மனிசி ஏசுற மாதிரி. எப்பிடியும் நல்லாயிருக்கும். நிப்பாட்டாதையும்!”

பல வருடங்களுக்குப் பிறகு கொழும்பில், மின்சாரத்தில், அதே பாட்டைக் கேட்டேன். ஒரே சீராக ஓடியது. வெருட்டலும் இல்லை, ஏச்சும் இல்லை. என் வலக்கை தானாக எழுந்து காற்றில் சுற்றத் தொடங்கியது. கெதியாகவும் சுற்றிப் பார்த்தேன். பலனில்லை.