இரண்டு பஸ் தூரத்தில் ஒரு சறுக்குமலை

இன்று காலை ரொறன்ரோவில் மல்வேர்ன் பஸ் பனியில் சிக்கி நின்றுவிட்டது. வேலைக்கு நேரமாகிற பதற்றத்தில் என் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

பக்கத்து சீட்டுக்காரர் என் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன், சப்பாத்து ஒரு சைஸ் பெரிசு. குதி கழண்டு கழண்டு வருது."

இரண்டு குளிர்காலமாக அதோடுதான் நடக்கிறேன். எனக்கே தெரியாது.

"உது எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

கல்முனைக்காரராம். டுபாயில் ஒரு ஷொப்பிங் மோலுக்குள் பனிமலை செய்து வைத்திருக்கிறார்கள். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே பனிச்சறுக்கு. கனடாவுக்கு வருமுன் ஆறு வருஷம், அங்கே வருகிறவர்களுக்குச் சறுக்குச் சப்பாத்து போட்டுவிடுவதுதான் இவருடைய வேலை.

"அப்ப நல்லாச் சறுக்குவீங்கள்?"

"ஒரு நாளும் சறுக்கல்ல. வேல செய்யிற ஆக்கள் மலையில ஏறேலா. கனடாவுக்கு வந்தாச் சறுக்கலாம் எண்டு நினச்சன். நாலு வருஷமாச்சு, ஷிப்டுக்கே நேரம் சரி. நீங்க?"

"வந்து இருபத்திரண்டு வருஷம். வாசலில பனி வழிச்சுத் தள்ளினதோட சரி."

போனில் தேடினேன். ரொறன்ரோவுக்குள்ளேயே ஒரு சறுக்குமலை இருக்கிறது. இரண்டு பஸ் மாறினால் போதும்.

வேலைக்கு வந்த பிறகும் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. சனிக்கிழமை இருவருக்கும் லீவு.

சறுக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கூட வாருங்கள். சப்பாத்து போட்டுவிட எங்களிடம் ஆள் இருக்கிறார்.