மரகதவல்லி அம்மா பார்த்த இடது கால்

மரகதவல்லி அம்மா காலமான செய்தி ஜங்லிகாட் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது வந்தது. சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் அவருடைய நாட்டியப் படம். கீழே கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக. மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சமைக்கவில்லை.

இந்த நினைவு மலரில் எழுதும் மற்றவர்கள் அவரிடம் பாடம் கேட்டவர்கள், அவரோடு மேடை ஏறியவர்கள். நான் அவரைப் பார்த்தது ஒரே முறை, முக்கால் மணி நேரம்.

எனக்குக் குரு கிடையாது. இளவயதில் இந்தத் தீவில் நடனம் சொல்லிக்கொடுத்த ஒருவரிடம் போய்க் கேட்டேன். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இனிமேல் உடம்பு வளையாது என்று அனுப்பிவிட்டார். அதை நான் மறக்கவில்லை. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த வீடியோ கேசட் ஒன்றை வாங்கி, அதில் ஆடிய மரகதவல்லி அம்மாவைப் பார்த்துப் பார்த்து நானே கற்றேன். பிறகு வீட்டு முன்னறையில் வகுப்பும் தொடங்கினேன்.

பதினோரு வருடத்துக்கு முன் ரங்கத்திலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். காட்டுச் சாலையில் வண்டிகள் தனியாகப் போகக்கூடாது. வரிசைகட்டிக் கான்வாயாகச் சேர்ந்து போலீஸ் முன்னால் போனால்தான் உண்டு. மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறையில் இறங்கி நின்றோம். கேட்டவர்களுக்கெல்லாம் போலீஸ்காரர் 'ஆதா கண்டா' என்று அதே அரை மணியைச் சொல்லிக்கொண்டிருந்தார். டீக்கடை பெஞ்சில், ரங்கத் கோயில் விழாவில் ஆடிவிட்டு வந்த மரகதவல்லி அம்மா முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

போய் வணங்கினேன். நானும் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். ஆடிக் காட்டச் சொன்னார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பஸ் பக்கத்துச் சேற்றில் தட்டடவு ஆடினேன். பிறகு ஒரு பதத்தில் நாலு வரி. டிரைவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். முடிந்ததும் அவர் கேட்டார்.

"யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"உங்க கேசட்டைப் பார்த்துத்தான்மா."

வாய்விட்டுச் சிரித்தார். "அதான். டிவியில நான் உங்களைப் பார்த்து நிக்கிறேன். என் வலது கால் உங்களுக்கு இடது பக்கம். கண்ணாடி பார்க்கிற மாதிரி அப்படியே எடுத்துட்டீங்க. வலது காலை வெக்கிற இடத்துல எல்லாம் இடது கால்."

என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "தாளம் சுத்தமா இருக்கு. அரைமண்டி என்னோடதைவிட நல்லா இருக்கு. மாத்திடுங்க. ஆறு மாசம் ஆகும். பிள்ளைங்ககிட்ட உண்மையைச் சொல்லிடுங்க, அதுங்க சீக்கிரம் மாத்திக்கும். நமக்குத்தான் கஷ்டம்." மாற்றியதும் போன் பண்ணச் சொல்லி, என் பஸ் டிக்கெட்டின் பின்னால் நம்பர் எழுதிக் கொடுத்தார்.

நான் மாற்றவில்லை. அந்தச் சிரிப்புக்காகத்தான். மாற்றினால் இளவயதில் என்னைத் திருப்பி அனுப்பியவர் ஜெயித்ததாகிவிடும் என்பதற்காகவும்தான். அடுத்த வகுப்பையும் இடது காலிலேயே தொடங்கினேன்.

இரண்டு வருடம் கழித்து என் மாணவி சுகன்யா மெயின்லேண்டில் நடனக் கல்லூரித் தேர்வுக்குப் போனாள். முதல் அடவிலேயே நிறுத்தி, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்களாம். அவள் என் பெயரைச் சொல்லவில்லை. திரும்பி வந்து, "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். அதன்பின் அவள் ஆடவில்லை. இங்கேயே மின்னி பே பகுதியில் ஓர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். எதிரில் கண்டால் இன்றும் வணக்கம் சொல்கிறாள்.

சுகன்யா, எனக்குத் தெரியும். நீ கப்பல் ஏறுமுன்பே தெரியும்.

மரகதவல்லி அம்மா சிரித்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி. செய்தி வந்த அன்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது காலை முதலில் தட்டினேன். நாலாவது தட்டில் இடது முந்திக்கொண்டது. மறுபடி தொடங்கினேன். என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இந்த வாரம் சொல்லிவிட்டேன். மூன்று பேர் வகுப்பிலிருந்து நின்றுவிட்டார்கள்.

அந்த டிக்கெட் என்னிடம் இருக்கிறது. ஆறு மாதம் ஆகும் என்றார். ஆகட்டும். அதற்குப் பிறகு அந்த நம்பரில் போனை எடுக்க அவர் இருக்கமாட்டார்.