பதினேழு குழி ரஷ்யா

நான் இப்போது வசிக்கும் ஜெர்மன் ஊரில் ஒரு வேலிச்செடி ஒரு மீட்டர் இருபத்தைந்து சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தால் வீட்டுக்குக் கடிதம் வரும். ஊருக்கு வெளியே ரயில் பாதையை ஒட்டி வரிசையாகத் தோட்டத் துண்டுகள் இருக்கின்றன. ஒரு சங்கம் அவற்றைக் குடும்பங்களுக்குக் குத்தகைக்கு விடுகிறது. ஷ்ரேபர்கார்ட்டன் என்கிறார்கள். என் மகள் உமா ஒரு துண்டு எடுத்திருக்கிறாள். எடுத்தது அவள், தண்ணீர் ஊற்றுவது நான். சங்கத் தலைவர் யூர்கன் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மடக்கு அளவுகோலோடு வந்து எங்கள் வேலியை அளந்தார். நான்கு சென்டிமீட்டர் அதிகம் என்று கடிதம் வந்தது. உமா வெட்கப்பட்டாள். நானோ, வருவாய்த்துறையில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டி, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். இப்படி ஒரு நாட்டுக்காகவே காத்திருந்தவன் போல் மகிழ்ந்து போனேன். அளவை நடைபாதையிலிருந்து எடுத்தது தவறு, செடியின் அடிமண்ணிலிருந்து எடுத்திருக்க வேண்டும் என்று இரண்டு பக்கம் ஆட்சேபணை எழுதி, உமாவை மொழிபெயர்க்கச் சொல்லி, ஒப்புகையோடு அனுப்பினேன். யூர்கன் அதை மூன்று முறை படித்தாராம். அடுத்த சனிக்கிழமை கையில் கேக்கோடு வந்தார். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் நண்பர் அவர்தான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பொதுக் குழாயடியில் காபி. எனக்கு இடப்பக்கத் துண்டு ஒக்ஸானாவுடையது. உக்ரைனின் கிழக்கில் ஒரு சிறு ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தவர். அந்த ஊர் இப்போது ரஷ்யாவின் வரைபடத்தில் ரஷ்யாவின் வண்ணத்தில் இருக்கிறது; அவருடைய வீட்டுப் பத்திரம் அவருடைய கைப்பையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. தக்காளிக்கு உரம் போடும்போதுகூட அந்தப் பையைத் தோளிலிருந்து கழற்ற மாட்டார். எதிர்த் துண்டு விக்டருடையது. கஜகஸ்தானில் ஜெர்மன் குடும்பத்தில் பிறந்து, ரஷ்ய மொழியில் படித்து, இங்கே வந்து முப்பது வருடமாக ரஷ்யத் தொலைக்காட்சி பார்ப்பவர். எங்கள் நால்வருக்கும் பொதுவான மொழி பாதி ஜெர்மன், மீதி என் கைப்பேசியின் மொழிபெயர்ப்பு.

"அந்த நிலமெல்லாம் முன்னாடி எங்களோடது. அங்க இருக்கிற ஜனங்களே ஓட்டுப் போட்டுத்தான் சேர்ந்தாங்க" என்பார் விக்டர்.

"கொஞ்சம் நிலத்தை விட்டுக்கொடுத்தால் சண்டை நின்றுவிடும். சமாதானம்தான் முக்கியம்" என்பார் யூர்கன். நான்கு சென்டிமீட்டர் செடியை விட்டுக்கொடுக்காத மனிதர். இதை நான் மனதுக்குள் குறிப்பெழுதி வைத்துக்கொண்டேன்.

ஒக்ஸானா கேக்கைத் தேவைக்கு மேல் அழுத்தி வெட்டுவார்.

"அப்பா, நீங்க இதுல வாயைத் திறக்காதீங்க" என்று உமா எச்சரித்திருந்தாள். ஆக்கிரமிப்புக் கோப்பு ஒன்று மேசைக்கு வந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருந்ததாக என் பணிப் பதிவேட்டில் எங்கும் இல்லை. ஆகவே ஒரு சனிக்கிழமை வரப்பைப் பற்றி அவர்களுக்கு விளக்கினேன். தாராசுரத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். அங்கே வருடாவருடம் நடவுக்கு முன் வரப்பை மண்வெட்டியால் செதுக்கி, வழித்த சேற்றைப் பூசி மெழுகுவார்கள். தன் பக்கத்தைத் தான் செதுக்கிக்கொள்ள வேண்டும் என்பது முறை. ஆனால் தன் பக்கம் ஒரு கை அதிகமாகச் செதுக்கி, அந்தச் சேற்றை எதிர்ப்பக்கம் அப்பி விட்டால் வரப்பின் அகலம் குறையாது, வரப்பு மட்டும் நடந்து போயிருக்கும். இந்த வருடம் ஒரு கை விட்டுக்கொடுத்தால் அடுத்த வருடமும் அவன் மண்வெட்டியோடு வருவான் என்று யூர்கனிடம் சொன்னேன். விக்டரிடம், மிரட்டி வாங்கிய சம்மத வாக்குமூலம் செல்லாது, ஊரிலேயே இல்லாதவர்கள் கைநாட்டு வைத்த வாக்குமூலங்களை நான் கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கிறேன் என்றேன். வழி ஒன்றுதான்: மனு கொடு, பக்கத்து நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் அனுப்பு, புலப்படத்தை வைத்து அள, கல் நடு. என் சொந்த வயலிலேயே பக்கத்து வயல்காரர் வரப்பைத் தள்ளியிருக்கிறார், அளக்க மனு போட்டிருக்கிறேன், முடிவு வந்ததும் பாருங்கள் என்றேன். ஒக்ஸானா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாலையில் வேலிக்கு மேலாக ஒரு பாட்டில் செர்ரி ஜாம் வந்தது.

நான் சொன்ன பக்கத்து வயல் பக்கிரிசாமியுடையது. எங்கள் வயலில் வேலை செய்தவர். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது எங்கள் தாத்தாவிடமிருந்து எடுத்த உபரி நிலத்தில் இரண்டு மா, முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக, அவருக்கு அரசாங்கம் ஒப்படை செய்தது. இப்போது வயலைப் பார்ப்பது அவருடைய மகள் தமிழரசி; மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். போன வருடம் ஊரில் இருந்தபோது எங்கள் வயல் முன்னைவிடக் குறுகியிருப்பது போல எனக்குத் தோன்றியது. படித்த பெண், விவரமாகச் செய்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். என் நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கும் என் மனைவியின் தம்பி கோவிந்தராஜிடம் மனுவைக் கொடுக்கச் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். ஊரார் நிலமெல்லாம் அளக்க உத்தரவு போட்டவன், சொந்த வயலை ஒரு முறைகூட அளந்து பார்த்ததில்லை. மருத்துவர்கள் தங்கள் ரத்த அழுத்தத்தைப் பார்ப்பதில்லை என்பார்களே, அப்படி.

வைகாசியில் வயல் காய்ந்து கிடந்தபோது சர்வேயர் வந்து அளந்துவிட்டுப் போனார். கோவிந்தராஜ் போன் செய்தான்.

"அத்தான், கல்லு நட்டுட்டாங்க."

"எத்தனை அடி தள்ளியிருக்கா அந்தப் பொண்ணு?"

"ஆறடி."

"பாத்தியா? நான் சொன்னேன்ல!"

"இல்ல அத்தான். நாம ஆறடி உள்ள இருக்கோம். அவங்க வயல்ல."

கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடி வரை ஆறடி அகலம். கணக்குப் பார்த்தால் பதினேழு குழி. நூறு குழி கொண்டது ஒரு மா என்றால், இரண்டு மா வைத்திருக்கும் ஒருவருக்குப் பதினேழு குழி என்பது சின்ன விஷயமில்லை. அது மட்டுமல்ல, எங்கள் போர்செட் அந்தப் பதினேழு குழிக்குள்தான் இருக்கிறது. தமிழரசி முறைப்படி எழுத்தில் கேட்டிருந்தாள்: ஆடி நடவுக்குள் வரப்பைக் கல் வரைக்கும் நகர்த்தித் தர வேண்டும்.

"குடுக்க முடியாது அத்தான். போர் போயிடுச்சுன்னா ஆறு வத்துன நாள்ல நாத்தங்காலுக்குத் தண்ணிக்கு எங்க போவேன்? அந்த எடமே உங்க தாத்தாவோடதுதானே. எத்தனை வருஷமா நாமதான உழுவுறோம்? அப்பல்லாம் அவங்க ஒரு வார்த்த கேட்டாங்களா?"

இதே கோவிந்தராஜ், உக்ரைன் சண்டை தொடங்கியபோது, "பெரிய நாடுன்னா அப்புடி இப்புடித்தான் இருக்கும் அத்தான், நமக்கென்ன, ரஷ்யாக்காரன் நமக்கு வேண்டியவன்" என்று சொன்னவன். அவன் கொள்கையில் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. என்னிடம்தான் இல்லை. போன் வந்த அன்று மதியம் உட்கார்ந்து மேல்முறையீட்டு மனு ஒன்று எழுதினேன். நீண்டகால அனுபவ பாத்தியம், இடையூறற்ற சுவாதீனம், எதிர்மனுதாரர் தரப்பு இத்தனை ஆண்டுகள் ஆட்சேபிக்காமையே சம்மதம், நிலம் பூர்வீகத்தில் மனுதாரர் குடும்பத்தைச் சேர்ந்தது, நீராதாரத்தின் முக்கியத்துவம். மூன்று பக்கம். நான் எழுதியவற்றிலேயே சிறந்தது என்று சொல்வேன். திருத்துவதற்காகச் சத்தமாகப் படித்தபோது இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். குரல் என்னுடையது, பேசியது விக்டர். குழாயடியில் காபிக் கோப்பையோடு அவர் சொன்னதை அப்படியே அரசாங்கத் தமிழில் எழுதியிருந்தேன்.

ஒரு வரி மட்டும் விக்டரிடமும் இல்லாதது: ஆட்சேபிக்காமையே சம்மதம். அந்த வரியில் கண் நின்றபோது, கல்லூரி நாட்களில் பார்த்த ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. ஆடி மாதம். அப்பா குடையோடு வரப்பில் நிற்கிறார். "இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி வெட்டு" என்கிறார். மண்வெட்டியோடு வெட்டுபவர் பக்கிரிசாமி. எங்கள் பக்கம் செதுக்கி, சேற்றைத் தன் வயல் பக்கம் அப்புகிறார். வருடத்துக்கு ஒரு கை. தன் நிலத்தைத் தானே வெட்டி, கூலியும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். நான் அங்கேயே, அப்பாவின் குடை நிழலில், நின்றிருக்கிறேன். அதை வரப்பு மராமத்து என்றுதான் அன்றும், பிறகு பணியில் இருந்த வருடங்கள் முழுவதும் நினைத்திருக்கிறேன். அவர் ஆட்சேபித்திருக்கலாமே என்றால், ஆட்சேபித்த மறுநாள் அவருக்கு வேலை யார் வயலில்?

சனிக்கிழமை வந்தது. ஒக்ஸானா ஆவலாக இருந்தார். யூர்கனுக்கும் விக்டருக்கும் கேட்கும்படி, "அளந்தாகிவிட்டதா? ஜெயித்துவிட்டீர்களா?" என்றார்.

என் ஜெர்மன் சிறியது. அதில் எனக்குத் தெரிந்த மிகச் சுருக்கமான உண்மையைச் சொன்னேன். "இஷ் பின் ருஸ்லாண்ட்." நான்தான் ரஷ்யா.

ஒக்ஸானா சிரித்து, பொறுமையாகத் திருத்தினார். "இல்லை, உங்கள் பக்கத்து வயல்காரர் ரஷ்யா. நீங்கள் உக்ரைன்."

"இல்லை. நான்தான் ரஷ்யா" என்று மறுபடி சொல்லிவிட்டு, கைப்பேசியில் முழுக் கதையையும் தமிழில் பேசி அவரிடம் நீட்டினேன். விக்டரும் எட்டிப் படித்தார். அவர் முகத்தில் எனக்குப் பிடிக்காத ஒரு தோழமை தெரிந்தது. என் கோப்பையில் அவராகவே இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினார். யூர்கன் யோசித்துவிட்டு, ஆறடி என்பது எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டார். சொன்னேன். "அது மிக அதிகம்" என்றார் கவலையோடு.

ஒக்ஸானா கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். "எப்போது வெளியேறுகிறீர்கள்?"

"விஷயம் பரிசீலனையில் இருக்கிறது" என்றேன். முப்பத்து நான்கு வருடப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. கைப்பேசி அதை மிகச் சரியாகவே மொழிபெயர்த்தது. ஒக்ஸானா பையைத் தோளில் சரி செய்துகொண்டு தன் துண்டுக்குப் போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை அவர் காபிக்கு வரவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தமிழரசிக்குப் போன் செய்தேன். சுற்றி வளைக்காமல், வரப்பை நகர்த்திக்கொள்ளலாம் என்றேன்.

"நகத்திக்கலாம்னா, யாரு சார் நகத்துறது? எங்க அப்பா நாப்பது வருஷம் இந்தப் பக்கம் நகத்துனாரு. திருப்பி நகத்துறதும் நாங்களேவா?"

"இல்லம்மா, நம்ம ஆளுங்க வெட்டுவாங்க."

"நீங்க வரலியா சார்?"

வரமுடியாது என்றேன். என் தங்கும் உரிமை புதுப்பிப்பில் இருக்கிறது. அதற்கு அத்தாட்சியாக ஒரு சீட்டுதான் கொடுத்திருக்கிறார்கள். இப்போது வெளியே போனால் திரும்பி வருவது சிக்கல். இதை நடைமுறை விவரங்களோடு விளக்கினேன்.

"சீட்டு வச்சிக்கிட்டா இருக்கீங்க அங்க?" என்றாள். கேலியா பரிவா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு, "சரி, வீடியோல வாங்க. நின்னு பாத்துச் சொல்லுங்க. போர் இருந்த எடத்துலயே இருக்கட்டும் சார், நான் ஒண்ணும் புடுங்கிப் போட மாட்டேன். ஆனா அது இனிமே எங்க எடம். வாரத்துல மூணு நாள் தண்ணி எங்களுக்கு, மிச்ச நாள் உங்களுக்கு. எழுதிக்குவோம்" என்றாள். நான் கையெழுத்திட்ட சமரச ஒப்பந்தங்களில் பாதி இதைவிட மோசமாக வரையப்பட்டவை.

இதைச் சொன்னதும் கோவிந்தராஜ் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "ஆளு கெடைக்கல, நானே வெட்டுறேன், என் தலையெழுத்து" என்றான்.

வரப்பு வெட்டிய அன்று காலை இங்கே நல்ல மழை. தோட்டத்தில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். ஒரு கையில் குடை, ஒரு கையில் கைப்பேசி, வேலி ஓரமாக நின்றேன். அங்கே முற்பகல் வெயில். தமிழரசி கைப்பேசியைப் பிடித்திருந்தாள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் சேற்றில் கோவிந்தராஜ் வெட்டிக்கொண்டிருந்தான். நான்கடி வந்ததும் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தான்.

"போதும்ல அத்தான்? கண்ணுக்கு நேராத்தான் தெரியுது."

"கல்லு எங்க இருக்கு?"

"அது இருக்கு இன்னும் உள்ள."

"கல்லு வரைக்கும் வெட்டு மாப்ள. இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி வெட்டு."

சொல்லி முடித்ததும் எனக்கே கேட்டது. அங்கே படத்துக்கு வெளியிலிருந்து ஒரு வயதான சிரிப்பு. தமிழரசி கைப்பேசியைத் திருப்பினாள். நாற்காலியில் பக்கிரிசாமி, தலையில் துண்டு. மகளிடம் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரும்மா?"

"ஒண்ணுமில்ல சார். கொடையோட நிக்கிறப்ப அப்படியே பெரியய்யா மாதிரியே இருக்கீங்களாம்."

குடையை மடக்கினேன். மழை தலையில் விழுந்தது. மண்வெட்டி மறுபடி இறங்கும் சத்தம் வந்தது. பக்கத்துத் துண்டில் கதவு திறந்து, தோளில் பையோடு ஒக்ஸானா வெளியே வந்து வேலிக்கு மேலாக என் கைப்பேசியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். என்னுடையது என்று நான் நினைத்திருந்த வயல் ஒவ்வொரு வெட்டுக்கும் அங்கே சுருங்கிக்கொண்டிருந்தது. இங்கே என் காலடி மண்ணில் நிற்க என்னிடம் இருப்பது அக்டோபர் வரை செல்லும் ஒரு சீட்டு. கீழே பார்த்தேன். என் செருப்பு நுனி ஒக்ஸானாவின் வேலிச்செடிக்கு அடியில் நுழைந்திருந்தது. ஓரடி பின்னால் எடுத்து வைத்தேன்.