ஒரகடம் சாலையில் அவிழ்ந்த ஜீப்

பழைய நாலு சக்கர இழுவை ஜீப்பை டிரெய்லரில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டிருப்பதாக இரண்டு மூன்று பேர் எழுதி, வழியும் செலவும் கேட்டிருந்தார்கள். நான் ஒரே ஒரு முறைதான் அப்படிப் போனேன். அதுவும் போய்ச் சேரவில்லை. அந்தக் கதையைத்தான் எழுத முடியும்.

1991 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். என் தங்கை சரோஜா ஜவ்வாது மலையில் ஒரு கிராமத்தில் டீச்சர். பிரசவ வலி வந்தால் டோலி கட்டித்தான் பெண்களைக் கீழே இறக்குவார்கள். அவள் கணவர் தங்கராஜ் பட்டாளத்தில் டிரைவராக இருந்து திரும்பியவர். ஏலத்தில் ஒரு மிலிட்டரி ஜீப்பை எடுத்து, குரோம்பேட்டையில் எனக்குத் தெரிந்த பட்டறையில் ஐந்து மாதம் உட்கார்ந்து உயிர் கொடுத்தார். மலையில் ஓட்டினால் பிழைப்புக்கும் ஆகும், ஊருக்கும் ஆகும் என்பது அவர் கணக்கு. ஆர்.சி. புத்தகம் இன்னும் கைக்கு வரவில்லை. இன்ஜினும் புதிதாகப் போரிங் செய்தது, எடுத்த எடுப்பில் அதிக தூரம் ஓட்டக் கூடாது. அதனால் ஓட்டிப் போக வேண்டாம், டிரெய்லரில் வைத்து இழுத்துப் போகலாம் என்று யோசனை சொன்னது நான்.

டிரெய்லரோடு ஒரு மெட்டடார் வேனைப் பேசினேன். டீசல் உட்பட 900 ரூபாய். டிரைவர் கன்னியப்பனுக்குப் பென்னலூர். மொத்த தூரம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர்: தாம்பரம், படப்பை, ஒரகடம், வாலாஜாபாத், காஞ்சிபுரம், ஆரணி, போளூர் வழியாக. இருட்டுவதற்குள் மலை ஏறிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே அவசரம்.

காலை ஐந்தரைக்கு நாலு பேர் சேர்ந்து ஜீப்பைப் பலகை வைத்துத் தள்ளி ஏற்றினோம். பின்பக்கம் தங்கராஜ் கட்டினார். மல்லாந்து படுத்து அடியில் நுழைந்து, ஆக்சிலில் சங்கிலியைச் சுற்றி டிரெய்லர் சட்டத்தில் பூட்டினார். முன்பக்கத்துக்குச் சங்கிலி இல்லை. நைலான் கயிற்றையாவது ஆக்சிலில் போடச் சொன்னார். நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். அடியில் நுழைய மனசில்லாமல் பம்பரில் நாலு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன். ஜீப் ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருக்கிற வண்டி. ஒவ்வொரு பள்ளத்திலும் அது அமுங்கி எழும். பம்பரில் கட்டிய கயிறு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நெகிழும். இது எனக்கு அன்று தெரியாது. தங்கராஜுக்குத் தெரியும். ஆனால் மனைவியின் அண்ணனிடம் எவ்வளவுதான் சொல்வார்?

ஆறேகாலுக்குக் கிளம்பினோம். ஏழு மணிக்குப் படப்பையில் டீ. அங்கேயே கயிற்றையும் சங்கிலியையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார் தங்கராஜ். காஞ்சிபுரத்தில் பார்க்கலாம் என்று நான் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது அந்தச் சாலை இரண்டு வண்டி ஒதுங்கிப் போகிற அகலம்தான். இருபுறமும் புளியமரம், வேர்க்கடலைக் கொல்லை, ஏரி. இன்று நீங்கள் பார்க்கும் கம்பெனி மதில் ஒன்றுகூடக் கிடையாது. ஒரகடம் வருவதற்குச் சற்று முன், வடக்குப்பட்டுக்கு மண்பாதை பிரியும் இடத்தை நெருங்கும்போது கன்னியப்பன் வேகத்தைக் குறைத்தார்.

“இன்னா சார், பின்னாடி யாரோ புடிச்சி இழுக்கிற மாதிரியே கீது.”

ஒரு சின்னப் பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தினார். சமதரையில் நிறுத்தியிருக்க வேண்டும். எங்கள் மூவருக்கும் அது தோன்றவில்லை. இறங்கிப் பார்த்தால், ஜீப் ஒரு முழம் பின்னால் சரிந்திருந்தது. பின்சங்கிலி தொய்ந்து, கொக்கி கழன்று கிடந்தது. சக்கரத்துக்கு வைத்த கட்டைகளில் ஒன்றைக் காணோம். ஹேண்ட் பிரேக் பாதிதான் பிடிக்கும். கியரில் விட்டால் புது இன்ஜினுக்கு ஆகாது என்று நான்தான் நியூட்ரலில் விடச் சொல்லியிருந்தேன். ஆக, ஜீப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது என் முடிச்சு மட்டும்.

தங்கராஜ் சாலையோரம் ஒரு பெரிய கல்லை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். போகும்போது நிதானமாகச் சொன்னார்:

“நான் சொன்னப்புறம் கவுத்தை அவுரு மச்சான்.”

மணி ஏழு ஐம்பது. கயிறு விறைத்து நின்றது. முடிச்சை இளக்கி மட்டும் வைத்தால் அவர் சொன்னதும் இழுத்துக் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். இளக்கினேன். அது இளகி நிற்கிற முடிச்சு இல்லை. என் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு கயிறு ஓடியது. ஜீப் சத்தமே இல்லாமல் பின்னால் போனது.

டிரெய்லரின் மூக்கு மேலே எழும்பி, பாரம் இறங்கியதும் படாரென்று கீழே விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஜீப் புளியமரத்தில் முட்டி நின்றது. தங்கராஜின் இடது கால் முழங்காலுக்குக் கீழே கால் மாதிரி இல்லை. கல் இன்னும் அவர் கையில் இருந்தது.

ஒரு லாரி நிற்காமல் போனது. கொல்லைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் ஓடி வந்து, தன் சேலை முந்தானையைக் கிழித்துத் தொடையில் கட்டினாள். வேனை எடுக்கலாமென்றால், கொக்கிச் சட்டம் வளைந்து பின்சக்கரத்தில் சொருகியிருந்தது. கன்னியப்பன் வேனை விட்டுவிட்டு ஜீப்பில் ஏறிச் சாவியைத் திருகினார். முதல் தடவையே ஸ்டார்ட் ஆனது.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு 25 கிலோமீட்டர். நாற்பது நிமிஷம் ஆனது. பின்னால் அந்தப் பெண் அவர் காலை மடியில் தாங்கிக்கொண்டு வந்தாள். கன்னியப்பனுக்கு அந்த கியர் பழக்கமில்லை. ஒவ்வொரு மாற்றலிலும் வண்டி குலுங்கியது. தங்கராஜ் கண்ணை மூடியபடி, கிளட்சை முழுசா மிதி, இப்போ செகண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தார். சிங்கப்பெருமாள்கோயிலைத் தாண்டியதும் பேச்சு நின்றது. அந்தப் பெண் மதியம் பஸ் ஏறிப் போனாள். அவள் பேரைக்கூட நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே காலை எடுத்துவிட்டார்கள். தந்தி கிடைத்து, சரோஜா மறுநாள் மத்தியானம் வந்தாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் கன்னியப்பன், இந்தப் பக்கம் நான்.

“எப்படி ஆச்சு?” என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கராஜ் சொன்னார்: “கவுறு அறுந்துடுச்சு. நான்தான் பழைய கவுத்தைப் போட்டுக் கட்டிட்டேன்.”

கன்னியப்பன் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். நான் உரிந்த உள்ளங்கையை மடக்கிக்கொண்டேன்.

ஜீப்பை வந்த விலைக்குக் கொடுத்தோம். அது மலையைப் பார்க்கவே இல்லை. தங்கராஜ் அதற்கப்புறம் எந்த வண்டியிலும் டிரைவர் பக்கம் உட்காரவில்லை. மலைக் கிராமத்தில் ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு, ஒற்றைக் காலால் மிதித்துக் காலம் தள்ளினார். என்னிடம் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முன்னும் பின்னும் ஆக்சிலில் கட்டுங்கள், பம்பரில் வேண்டாம். கயிறு வேண்டாம், சங்கிலியோ, இப்போது கிடைக்கும் இறுக்குப் பட்டையோ போடுங்கள். வண்டி கியரிலேயே இருக்கட்டும். முதலில் பத்தாவது கிலோமீட்டரில் நிறுத்திப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு ஐம்பதிலும். நிறுத்துவது சமதரையாக இருக்கட்டும். பின்னால் ஆள் நிற்கும்போது எந்தக் கட்டிலும் கை வைக்காதீர்கள். இருட்டிவிட்டால் அடிவாரத்தில் தங்கிக்கொள்ளலாம். போளூரில் அப்போதே லாட்ஜ் இருந்தது.

தங்கராஜ் போன ஆவணியில் இறந்தார். காரியத்தன்று வந்தவர்களிடம் சரோஜா சொல்லிக்கொண்டிருந்தாள், நல்ல கயிறாகப் பார்த்துக் கட்டத் தெரியாமல் காலைத் தொலைத்த மனுஷன் என்று. நான் பந்தலில் அவளுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். காபி வந்தது, வாங்கிக் குடித்தேன்.