தாபேலு

அப்பா கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிச் சம்பாதிக்கிறவர். ஆனாலும் ஆமை வந்த வீடு விளங்காது என்பதில் அவருக்குத் துளி சந்தேகமும் கிடையாது. அமீர்பேட்டில் ஹாஸ்டலில் தங்கிக் கோச்சிங் படித்துக்கொண்டிருந்த என் மாமாவுக்கும் இது நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டாப்பூர் வீட்டுக்கு வந்து, டிபன் டப்பாவைத் திறந்து, ஒரு குட்டி ஆமையை என் கையில் வைத்தார்.

அப்பா எட்டிப் பார்த்தார். “இது என்ன மாப்ளே?”

“தாபேலு அத்தான். இந்த ஊர்ல கிடைக்கும்” என்றார் மாமா, கொஞ்சமும் கூசாமல்.

ஆமைக்குத் தெலுங்கில் தாபேலு. பள்ளிக்கூடத்தில் படித்திருந்ததால் எனக்குத் தெரியும். ஆட்டோக்காரர்களிடம் தெலுங்கிலேயே சண்டை போடும் அப்பாவுக்கு இந்த ஒரு வார்த்தை மட்டும் தெரியாது என்று மாமா அடித்துச் சொன்னார். நானும் நம்பினேன். அப்பா “சரி, சரி” என்று உள்ளே போய்விட்டார். அம்மா மட்டும் ஏனோ அடுப்படியில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரே வாரத்தில் தாபேலுக்குக் கண் வீங்கிவிட்டது. சாப்பிடவும் இல்லை. நான் அழுத அழுகையில் அப்பா காரை எடுத்தார். வழியெல்லாம் எனக்கு இரண்டு பயம். ஒன்று, அது செத்துப்போய்விடுமோ என்று. இன்னொன்று, டாக்டர் வாயிலிருந்து உண்மை வந்து, அப்பா அதை அன்றைக்கே யாருக்காவது கொடுத்துவிடுவாரோ என்று.

போன இடத்தில் டாக்டரம்மா தமிழ் பேசினார். தமிழர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் மெட்டுகுடாவில் பிறந்து வளர்ந்தவராம்.

“ஆமைக்கு என்னா போடுறீங்க? சாதமா? நக்கோ, நக்கோ, வேண்டாம்! கீரை குடுங்க, வெயில்ல வைங்க. கண்ணுக்கு மருந்து தர்றேன், நல்லாயிடும்.”

“ஆமை இல்ல டாக்டர், தாபேலு!” என்று கத்தினேன்.

டாக்டரம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, “தாபேலுன்னே சொல்லுங்க டாக்டர். வீட்ல இருக்கணும்லா?” என்றார்.

“ஹவ், ஆமா, தாபேலுதான்” என்று டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தாபேலும் பிழைத்தது, ரகசியமும் பிழைத்தது.

திரும்பும் வழியில் அப்பா காரை நிறுத்தி, தாபேலுக்குத்தான், இளசாகப் பார்த்துக் கொடுங்கள் என்று கீரைக்காரம்மாவிடம் சரளமான தெலுங்கில் கேட்டார். நான் டப்பாவை மடியில் அணைத்துக்கொண்டேன். கீரைக்காரம்மாவுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது, பாவம், அப்பாவுக்குத் தெரியவில்லையே என்று அவர்மேல் எனக்கு அப்படியொரு இரக்கம் வந்தது.